குரோஷேயில் ஹலோவீன் அலங்காரங்கள்: புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ உறவு இல்லாத வீடு மட்டக்களப்பில் குறைவு. அங்கே பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளுக்கு ஹலோவீன் வரும் ஒக்டோபர் 31 பெரிய நாள். மச்சாளின் மகள் வீடியோ அழைப்பில் வந்து, "மாமி, எனக்கு ஒரு குட்டிப் பேய் பின்னித் தாங்க" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலையை, ஊசி பிடித்துப் பழக்கமே இல்லாதவர்கள்கூட இந்த ஹலோவீன் பொருள்களில் தொடங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாம் கையளவுச் சாமான்கள். ஒவ்வொன்றும் ஒரு புதுத் திறமையைக் கற்றுத் தரும். ஓரிரு மாலைப் பொழுதில் ஒன்று முடிந்துவிடும் என்பதால் பாதியில் விட்டுவிடும் எண்ணமும் வராது.

பழக வருபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். எதைப் பின்னுகிறோம் என்பதைவிட எந்த ஒழுங்கில் பின்னுகிறோம் என்பது முக்கியம். அந்த ஒழுங்கைத் தீர்மானிப்பது நூலின் நிறம். செம்மஞ்சள் நூலில் ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும், கை அழுக்கும் உடனே தெரியாது. வெள்ளையில் தையல் தெரியும், ஆனால் அழுக்கும் தெரியும். கறுப்பில் தையலே தெரியாது. பழகிய கையே விளக்கடியில் தடவித் தடவித்தான் எண்ணும். ஆகவே முதலில் பூசணி, பிறகு பேய், அதன்பின் சிலந்தி வலை, கடைசியில் வௌவால். கறுப்பு வௌவாலில் தொடங்கி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஹலோவீனைப் பற்றிக் கொஞ்சம்

நொவெம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் ஹலோவீன். நம் ஊர்க் கத்தோலிக்கர் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் நொவெம்பர் 2, சகல ஆத்துமாக்கள் தினமும் இதே வரிசையில் வருவதுதான். அதற்கும் முந்திய வேர் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய விழாவில் இருக்கிறது. அயர்லாந்தில் முதலில் முகம் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களுக்குப் பெரிய பூசணி தாராளமாகக் கிடைத்தது, குடைவதும் சுலபம். அப்படித்தான் செம்மஞ்சள் பூசணி இந்த நாளின் அடையாளமானது.

வீட்டில் பேய் உருவம் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகம் வைக்காத பூசணி மட்டும் பின்னுங்கள். விற்பனைக்கும் அதுவே நல்லது. முகம் வைத்த பூசணியை ஒக்டோபர் 31க்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். முகம் இல்லாதது இலையுதிர்கால அலங்காரமாக நிற்கும். கனடாவில் ஒக்டோபர் இரண்டாவது திங்களும், அமெரிக்காவில் நொவெம்பர் நான்காவது வியாழனும் வரும் நன்றி நவிலும் நாளுக்கும் அதை மேசையில் வைப்பார்கள்.

தேவையான சாமான்கள்

நூல்: மில்க் கொட்டன் என்று விற்கும் 50 கிராம் உருண்டைகள் புதியவர்களுக்கு ஏற்றவை. மென்மையாக இருக்கும், இழை எளிதில் பிரியாது, நிறமும் நிறைய உண்டு. மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனைக் கடைத்தெருக்களில் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இணையக் கடைகளில் கட்டாயம் இருக்கும். செம்மஞ்சள், வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் பச்சை போதும். உரோமம் எழும்பிய வூல் வேண்டாம், அதில் தையலை எண்ண முடியாது.

ஊசி: 3 மில்லிமீற்றர் குரோஷே ஊசி. உருண்டையின் லேபலில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருக்கலாம். பஞ்சு அடைக்கும் பொருளுக்கு வேண்டுமென்றே சிறிய ஊசி எடுக்கிறோம். தையல் நெருக்கமாக விழுந்தால்தான் இடைவெளியால் பஞ்சு எட்டிப் பார்க்காது.

பஞ்சு: பொலியெஸ்டர் பஞ்சு வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். பழைய தலையணை ஒன்றைப் பிரித்துப் போட்டாலும் போதும். நம் வீடுகளில் உள்ள இலவம்பஞ்சுத் தலையணை என்றால் கவனம். அந்தப் பஞ்சு குட்டையான இழை. தையல் இடுக்கால் வெளியே வரும், நாளாக உள்ளே கட்டிகட்டியாகும், ஈரம் பட்டால் மணக்கும். அதைத்தான் பாவிக்க வேண்டும் என்றால் மெல்லிய துணியில் பொதிந்து, உருண்டையாகக் கட்டி உள்ளே வையுங்கள்.

இவற்றோடு பெரிய கண் உள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்க வேறு நிற நூல் துண்டு. வியர்க்கும் கைக்குக் கொஞ்சம் முகப்பவுடர் உதவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உள்ளங்கை ஈரமாகி நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும், தையல் தானாகவே இறுகிவிடும். காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் பின்னுவது நல்லது.

கை பழக வேண்டிய தையல்கள்

சங்கிலி: ஊசியில் ஒரு முடிச்சுப் போட்டு, நூலை ஊசியில் சுற்றி, வளையத்தினூடாக இழுத்தால் ஒரு சங்கிலி.

ஸ்லிப்: தையலுக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, தையலையும் ஊசியில் உள்ள வளையத்தையும் சேர்த்து ஒரே இழுவையில் கடப்பது.

சிங்கிள்: தையலுக்குள் ஊசியை விட்டு நூலை இழுங்கள், ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டினூடாகவும் இழுங்கள். இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி வேலை இதுதான்.

டபிள்: முதலில் நூலை ஊசியில் சுற்றிக்கொண்டு தையலுக்குள் விட்டு இழுங்கள், மூன்று வளையம் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டைக் கடத்துங்கள், மறுபடியும் சுற்றி மிச்சம் இரண்டைக் கடத்துங்கள். உயரமான தையல் கிடைக்கும்.

நான் இங்கே பாவிப்பது அமெரிக்க முறைப் பெயர்கள். பழைய பிரிட்டிஷ் புத்தகம் பார்த்துப் பழகிய அம்மம்மாமார் நம் சிங்கிளை டபிள் என்றும், நம் டபிளை ட்ரெபிள் என்றும் சொல்லுவார்கள். யூடியூப்பில் பார்க்கும்போதும் எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப் போட்டால் அளவு முழுவதும் மாறிவிடும்.

கூட்டல் என்றால் ஒரே தையலில் இரண்டு சிங்கிள். குறைத்தல் என்றால் இரண்டு தையலை ஒன்றாக்குவது. அதைச் சுத்தமாகச் செய்ய ஒரு வழி உண்டு. பின்னலை மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு தையலும் இரண்டு இழையாக, கூர்முனை போலத் தெரியும். உங்கள் பக்கம் உள்ளது முன் இழை, அப்பால் உள்ளது பின் இழை. அடுத்தடுத்த இரண்டு தையல்களின் முன் இழைகளை மட்டும் ஊசியில் கோத்து, இரண்டையும் கடந்து நூலை இழுத்து, வழக்கம்போல் சிங்கிளை முடியுங்கள். குறைத்த இடம் தெரியவே தெரியாது.

மெஜிக் றிங் வட்டத்தின் தொடக்கம். இரண்டு விரலில் நூலை ஒருமுறை சுற்றிக் குறுக்காக வையுங்கள். முதல் நூலுக்குக் கீழால் ஊசியை விட்டு இரண்டாவது நூலை இழுத்தெடுத்து ஒரு சங்கிலி போடுங்கள். இனி வளையத்தையும் வால் நூலையும் சேர்த்து உள்ளடக்கி 6 சிங்கிள் போட்டு, வாலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். கை வராதவர்கள் 2 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் 6 சிங்கிள் போடலாம். சிறு துவாரம் இருக்கும், அவ்வளவுதான்.

பூசணி

காம்பைத் தவிர இதற்கு வட்டமே தேவையில்லை. ஒரு நீள்சதுரத் துண்டைப் பின்னிச் சுருக்கி எடுத்தால் பூசணி. சங்கிலியும் சிங்கிளும் தெரிந்தால் போதும் என்பதால் இதை முதலில் வைத்தேன்.

செம்மஞ்சள் நூலில், முன்னால் ஒரு முழ நீளம் வால் விட்டு, 21 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். எண்ணுங்கள்: 20 இருக்க வேண்டும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, இப்போது பின் இழையை மட்டும் எடுத்து 20 சிங்கிள் போடுங்கள். இப்படியே 36 வரிசை வரும்வரை. பின் இழையை மட்டும் எடுப்பதால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். பூசணியின் வரி வரியான தோல் அதிலிருந்துதான் வருகிறது.

புதியவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல் வரிசையின் கடைசித் தையலில் இருக்கிறது. அது ஓரத்தில் மடிந்து ஒளிந்துகொள்ளும். அதை விட்டுவிட்டால் 20 என்பது 19 ஆகும், பிறகு 18 ஆகும், துண்டு முக்கோணமாகச் சரியும். முதல் பத்து வரிசைக்காவது ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பத்து வரிசையில்தான் கண் பழகுகிறது.

36 வரிசை முடிந்ததும் ஒன்றரை முழ நூல் விட்டு வெட்டுங்கள். முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒட்டுமாறு மடித்துத் தைத்தால் குழாய் கிடைக்கும். குழாயின் ஒரு வாயைச் சுற்றி, வரிசை ஓரங்களில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கிக் கட்டுங்கள். இணைத்த தையல் உள்ளே போகுமாறு புரட்டி, பஞ்சைச் சிறுசிறு பிடியாகப் பிய்த்து அடையுங்கள். மொத்தமாகத் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். மற்ற வாயையும் அப்படியே சுருக்கி மூடுங்கள்.

இனித்தான் அது பூசணியாக மாறுகிறது. நீண்ட நூல் கோத்த பெரிய ஊசியை மேல் நடுவில் குத்தி, கீழ் நடுவால் வெளியே எடுங்கள். நூலை வெளிப்பக்கமாக மேலே கொண்டுவந்து, மறுபடி மேல் நடுவில் குத்தி இறுக்குங்கள். ஒரு பள்ளம் விழும். 6 வரிசைக்கு ஒரு பள்ளம் என்று வைத்தால் 36 வரிசைக்கு 6 பள்ளம் சமமாக வரும். ஒவ்வொரு பள்ளத்தையும் ஒரே அளவில் இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் பூசணி சாய்ந்து நிற்கும்.

காம்புக்குப் பச்சை நூலில் மெஜிக் றிங்கில் 6 சிங்கிள். அடுத்த சுற்று பின் இழையில் மட்டும் 6. அதன்பின் இரண்டு இழையிலும் 6 வீதம் நான்கு சுற்று. வால் விட்டு வெட்டித் தலையில் தைத்துவிடுங்கள். சுருள் கொடிக்கு 15 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு சிங்கிள் போட்டால் அது தானாகவே சுருளும். உள்ளூரில் கொடுப்பதானால் காம்புக்குக் கறுவாப்பட்டைத் துண்டு வைப்பது மிக அழகு, மேசை முழுவதும் மணக்கும். வெளிநாட்டுக்கு என்றால் நூலிலேயே காம்பு பின்னுங்கள். தாவரப் பொருள் என்றால் சுங்கத்தில் கேள்வி வரலாம். அவுஸ்திரேலியா இதில் மிகவும் கண்டிப்பான நாடு. இலவம்பஞ்சுக்கும் இதே கவனம் வேண்டும்.

50 கிராம் உருண்டை ஒன்றில் இப்படி இரண்டு மூன்று பூசணி எடுக்கலாம். பூசணி பெரிதாக வேண்டுமா? சங்கிலியைக் கூட்டினால் உயரம் கூடும், வரிசையைக் கூட்டினால் சுற்றளவு கூடும். வரிசை எண்ணிக்கை 6இன் மடங்காக இருக்கட்டும்.

தொங்கும் பேய்

இது முழுவதையும் வட்டத்தில் பின்னும் முதல் பாடம். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வெள்ளை நூலை எடுங்கள். நூல் உருண்டையை ஒரு பையில் போட்டு, நுனியை மட்டும் வெளியே விட்டுப் பின்னினால் தரையில் உருளாது.

சுற்றுகளை இணைக்காமல் சுருளாகத் தொடர்ந்து போகிறோம். ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் வேறு நிற நூல் துண்டைச் செருகி, அடுத்த சுற்றுக்கு வரும்போது மேலே நகர்த்துங்கள்.

சுற்று 1: மெஜிக் றிங்கில் 6 சிங்கிள்.
சுற்று 2: ஒவ்வொரு தையலிலும் கூட்டல். மொத்தம் 12.
சுற்று 3: 1 சிங்கிள், 1 கூட்டல், இதை 6 முறை. மொத்தம் 18.
சுற்று 4: 2 சிங்கிள், 1 கூட்டல், 6 முறை. மொத்தம் 24.
சுற்று 5 முதல் 12 வரை: 24 சிங்கிள் வீதம்.
சுற்று 13: 2 சிங்கிள், 1 குறைத்தல், 6 முறை. மொத்தம் 18. இதுதான் கழுத்து.
சுற்று 14: 18 சிங்கிள்.
சுற்று 15: 2 சிங்கிள், 1 கூட்டல், 6 முறை. மொத்தம் 24.
சுற்று 16: 3 சிங்கிள், 1 கூட்டல், 6 முறை. மொத்தம் 30.
சுற்று 17 முதல் 20 வரை: 30 சிங்கிள் வீதம்.
சுற்று 21: முதல் தையலில் ஸ்லிப், 2 தையல் விட்டு அடுத்ததில் 5 டபிள், 2 தையல் விடுங்கள், இதை 5 முறை. கடைசியில் முதல் ஸ்லிப்பில் சேர்த்து நூலை வெட்டுங்கள்.

கடைசிச் சுற்றில் பாவாடைக் கரை போல ஐந்து அலை வரும். ஒரு டபிள்கூடக் குறையாமல் போடுங்கள். நான்கு போட்டால் அலை தட்டையாகிவிடும்.

பின்னும்போது துண்டு உங்களை நோக்கிக் கிண்ணமாகக் குவியும். அதில் உட்பக்கம் வெளியே வந்திருக்கலாம். நல்ல பக்கத்தில் சின்னச் சின்னக் கூர்முனைகள் நிரையாகத் தெரியும். மறுபக்கத்தில் படுக்கைக் கோடுகள் தெரியும். நாலைந்து சுற்றுக்குள் இதைப் பார்த்து நல்ல பக்கத்தை வெளியே திருப்பிவிடுங்கள். பிறகு திருப்பினால் பின்னும் திசையே குழம்பும்.

என்னிடம் பழகும் ஒரு பிள்ளை பேயின் தலையை நீட்டி, "அக்கா, எண்ணிக்கை சரியாத்தான் வருது. ஆனா தல ஒரு பக்கம் கோணலாப் போகுது" என்றாள். "அடையாள நூல் எங்க?" என்று கேட்டேன். அது முதல் சுற்றிலேயே நின்றது. பிறகு தொடக்கத்தைக் கண்ணால் மதித்துக்கொண்டே போயிருக்கிறாள். சுருளாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகரும். மேலிருந்து நேர்கோடு பிடித்துக் கீழே வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு தையல் தவறும். அடையாள நூலை நம்புங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

வட்டம் கிண்ணமாகக் குழிந்தால் கூட்டல் குறைந்திருக்கிறது, அல்லது கை அதிகம் இறுகியிருக்கிறது. ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூட்டல் கூடியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து பிரிப்பதுதான். குரோஷேயில் ஒரு வளையம் மட்டுமே ஊசியில் நிற்பதால் பிரிப்பதில் பயமில்லை, எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம்.

கண்ணைப் பஞ்சு அடைக்குமுன் வையுங்கள். 8ஆம், 9ஆம் சுற்றுகளுக்கு இடையில், நடுவில் 4 தையல் விட்டு. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் கண்களுக்கு உள்ளே பூட்டு இருக்கும். பூட்டினால் கழற்ற முடியாது, இடத்தைச் சரிபார்த்துவிட்டுப் பூட்டுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்கு இது போவதானால் பிளாஸ்ரிக் கண் வேண்டவே வேண்டாம். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். வாய் வைப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். வாய் இல்லாத பேய்தான் எனக்கு அழகாகத் தெரிகிறது.

பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகக் கட்டி, கீழ்வழியாகத் தலைக்குள் தள்ளுங்கள். கழுத்தில் வெள்ளை நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கீழே வராது. உச்சியில் 25 சங்கிலி போட்ட கயிற்றைத் தைத்தால் தொங்கவிடலாம்.

சிலந்தி வலை

இதற்குப் பருத்தி நூல்தான். வெறும் அக்ரிலிக் வூல், விறைப்புக்குப் பூசும் பசையையோ கஞ்சியையோ பிடிக்காது, தொய்ந்துவிடும். சங்கிலியும் டபிளும், இணைக்க ஸ்லிப்பும் மட்டும் வரும். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தாலும் பின்னலாம்.

சுற்று 1: மெஜிக் றிங்கில் 5 சங்கிலி (இது ஒரு டபிளும் 2 சங்கிலியும் என்று கணக்கு). பிறகு 1 டபிள், 2 சங்கிலி. இதை 7 முறை. தொடக்கத்தின் மூன்றாவது சங்கிலியில் ஸ்லிப் போட்டு இணையுங்கள். 8 கால் வந்துவிட்டது.
சுற்று 2: 6 சங்கிலி. அடுத்த டபிளின் தலையில் 1 டபிள், 3 சங்கிலி, 7 முறை. மூன்றாவது சங்கிலியில் இணைக்கவும்.
சுற்று 3: 8 சங்கிலி. டபிள் மேல் டபிள், 5 சங்கிலி, 7 முறை. இணைக்கவும்.
சுற்று 4: 10 சங்கிலி. டபிள் மேல் டபிள், 7 சங்கிலி, 7 முறை. இணைத்து முடிக்கவும்.

பின்னி முடித்ததும் அது சுருங்கிய கைக்குட்டை போலக் கிடக்கும். கவலை வேண்டாம். ஒரு ரிஜிபோம் (பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைப்பலகை) துண்டின்மேல் பொலித்தீன் பையை விரித்து, எட்டுக் காலையும் சமமாக இழுத்துக் குண்டூசி குத்துங்கள். பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, பழைய தூரிகையால் பூசிக் காய விடுங்கள். ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்தால் நிறம் மறைந்துவிடும். பருத்திச் சேலைக்குப் போடுகிற சோற்றுக் கஞ்சியும் விறைப்புத் தரும். ஆனால் அதை எறும்பும் கரப்பானும் தேடி வரும், மாரி தொடங்கியதும் பூஞ்சணம் பிடிக்கும். தூரத்துக்கு அனுப்பும் பொருளுக்குக் கஞ்சி வேண்டாம்.

காய வைப்பதற்காகவேனும் இந்த வேலையை மழைக்கு முன் முடியுங்கள். ஓகஸ்ட் வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் வலை, ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்துவிட்டால் நாள் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

வௌவால்

இங்கே புதுத் தையல் எதுவும் இல்லை. கறுப்பு நூல்தான் சோதனை. பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் இருந்து, மடியில் வெள்ளைத் துணி விரித்துப் பின்னுங்கள். துணியின் வெள்ளை தையல் இடுக்கால் தெரியும், ஊசி விடும் இடம் புலப்படும்.

உடல்: பேயின் முதல் மூன்று சுற்றைப் போலவே 6, 12, 18. பிறகு 18 வீதம் ஐந்து சுற்று. கண்ணை இப்போது வையுங்கள். மஞ்சள் நூலில் தைத்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். அடுத்த சுற்று 1 சிங்கிள், 1 குறைத்தல் என்று 6 முறை, 12 ஆகும். பஞ்சு அடைத்து, கடைசிச் சுற்றில் ஆறு குறைத்தல். வால் நூலைப் பெரிய தையல் ஊசியில் கோத்து, மிஞ்சும் 6 தையலின் முன் இழைகளினூடாகவும் ஓட்டி இழுத்து மூடுங்கள். பஞ்சு வெள்ளை, நூல் கறுப்பு என்பதால் இதில் தளர்ந்த தையல் உடனே காட்டிக்கொடுக்கும். இறுக்கமாகப் பின்னுங்கள்.

செட்டை இரண்டு: 9 சங்கிலி போட்டு, இரண்டாவதிலிருந்து 8 சிங்கிள். திருப்பித் திருப்பி மொத்தம் மூன்று வரிசை. நான்காம் வரிசையில் ஸ்லிப், சிங்கிள், பிறகு ஒரே தையலில் டபிள், 2 சங்கிலி, டபிள், அதன்பின் சிங்கிள். இதை இரண்டு முறை. கீழ்க்கரையில் இரண்டு கூர் வரும். குறுகிய பக்கத்தை உடலின் பக்கவாட்டில் தையுங்கள். காதுக்கு, மூன்றாம் சுற்றில் நூலை இணைத்து, 3 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் ஸ்லிப், அடுத்ததில் சிங்கிள், பக்கத்துத் தையலில் ஸ்லிப்.

கறுப்புப் பருத்தி நூல் சில வேளை சாயம் விடும். தொடங்குமுன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், அந்த நூலில் செய்ததை வெள்ளைப் பேயுடன் ஒரே மாலையில் கோக்காதீர்கள்.

மாலையாகக் கோப்பதும் அனுப்புவதும்

நூலை இரட்டையாக எடுத்து 2 மீற்றர் நீளச் சங்கிலி பின்னினால் மாலைக் கயிறு தயார். நடுவில் வலை, இருபுறமும் பேய், ஓரங்களில் வௌவால் என்று ஒரு சாண் இடைவெளியில் தையுங்கள். பூசணி பாரம், அதைக் கயிற்றில் தொங்கவிட்டால் நடுவில் தொய்யும், மேசைக்கே விடுங்கள்.

முடிக்கும்போது வால் நூல்களை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது போதாது. பெரிய ஊசியில் கோத்து ஒரு திசையில் சில தையல், திரும்பி எதிர்த் திசையில், பிறகு குறுக்காக ஒருமுறை என்று மூன்று முறை ஓட்டிவிட்டு வெட்டுங்கள். விலை கொடுத்து வாங்குபவர் முதலில் இழுத்துப் பார்ப்பது அந்த நுனியைத்தான்.

விற்க நினைப்பவர்கள் அறுகம்பேச் சுற்றுலாக் கடைகளை மட்டும் நம்பி நிறையப் பின்னி வைக்க வேண்டாம். அலைச்சறுக்குப் பருவம் அங்கே ஒக்டோபருடன் ஓய்ந்துவிடும். ஹலோவீன் சாமானுக்கு வெளிநாட்டு உறவுகளும் அவர்களின் அயலவர்களும்தான் உறுதியான வாடிக்கையாளர். அவர்களுக்குச் செப்ரெம்பர் முதல் வாரத்துக்குள் தபாலில் போய்விட வேண்டும் என்று திட்டமிட்டு, ஜூலையிலேயே நூல் வாங்குங்கள்.

தபாலில் பாரத்துக்குக் காசு. பேயின் உள்ளே துணிப் பந்து வைக்காமல் தட்டையாக அனுப்பலாம். எவ்வளவு பஞ்சு வைத்துக் கழுத்தை எங்கே கட்டுவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தால் அங்கே பிள்ளைகளே செய்வார்கள். வலையை இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். எல்லாவற்றையும் நன்றாகக் காய்ந்த பிறகே பொலித்தீனில் மூடி, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். கடைசியாக ஒரு சின்னச் சீட்டு: நூல் பருத்தியா கலப்பா, உள்ளே என்ன பஞ்சு, குளிர்ந்த தண்ணீரில் கையால் கழுவி நிழலில் காய விட வேண்டும், வலையைக் கழுவக்கூடாது என்று எழுதிக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.